ஹெட்டில் வைத்த அடையாளம்

சுந்தரதாஸை வேலைக்கு எடுத்தபோது பனச்சமூட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கனகதாஸ் அண்ணன் நாலு பேர் கேட்கும்படியாகவே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரே ஒரு புகார் வந்தாலும் அன்றைக்கே வெளியே போய்விட வேண்டும். சுந்தரதாஸ் தலையை ஆட்டினார். ஆட்டாமல் வேறு என்ன செய்வார்? நெய்யாற்றின்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் யாருடைய வண்டியிலோ நல்ல பம்பை எடுத்துவிட்டுப் பழைய பம்பை மாட்டினார் என்று பெயர் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது உண்மையா பொய்யா என்று யாரும் விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மெக்கானிக்கும் அவரைத் தன் கடைக்குள் விடவில்லை. ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தவரைப் போதகர் சிபாரிசு செய்ததால்தான் அண்ணன் சேர்த்துக்கொண்டார். இந்த இடமும் போனால் இந்தப் பக்கத்தில் அவரை ஸ்பானர் தொடவிட ஆள் கிடையாது. இது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும்.

தெரிந்திருந்தும் நான் அவரை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. நான் ஷிஜி. ஆரியங்கோட்டிலிருந்து பனச்சமூட்டுக்குப் பதினொரு வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு ரப்பர் பால் டிரம், சாயங்காலம் மறுபடி பிள்ளைகள். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று இறங்கிப்போய்ப் பார்க்கிறவள் நான். மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஜிஜின் சாப்பிட்டாயிற்று என்று சொன்னால், வீடியோவில் தட்டைக் காட்டச் சொல்வேன். சந்தேகப்படுவதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. என்னை ஏமாற்றினவர்கள் குறைவு என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் ஜீப் வெள்ளைப் புகை விட ஆரம்பித்தது. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. எஞ்சினை முழுசாகப் பிரித்துக் கட்ட வேண்டும் என்று கனகதாஸ் அண்ணன் சொன்னார். எனக்கு எஞ்சினைவிட ஹெட்டைப் பற்றித்தான் கவலை. எஞ்சினின் தலைப்பாகம் அது, வால்வெல்லாம் அதில்தான் இருக்கும். என் வண்டியின் ஹெட் வண்டியோடு வந்தது, வெல்டிங் படாதது. இந்தப் பழைய மாடலுக்கு அப்படி ஒன்று இன்றைக்குத் தேடினாலும் கிடைக்காது. அதன் அடிமுகத்தைச் சீவி மட்டமாக்க மார்த்தாண்டத்தில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்றார் அண்ணன். மாநில எல்லைச் செக்போஸ்ட் தாண்டிப் போகிற ஹெட்தான் திரும்பி வரும் என்று என்ன நிச்சயம்? கொண்டுபோகிறவர் யார்? சுந்தரதாஸ்.

ஸ்டாண்டில் என்னோடு ஜீப் ஓட்டுகிற ஸ்ரீஜித்துதான் யோசனை சொன்னான். "சேச்சி, அடையாளம் போட்டுக் குடுங்க. ஆனா வெளியில போடாண்டாம். வெளியில போட்டா அரத்தை வச்சுத் தேச்சிருவானுவ. ஆரும் பாக்காத்த இடத்தில போடணும்."

ஹெட்டைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்துப் போட்டிருந்த அன்று நான் ஒர்க்‌ஷாப்பை விட்டு நகரவில்லை. மத்தியானம் அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போனார். சுந்தரதாஸ் கைகழுவிவிட்டுப் பொதிச்சோற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நான் ஒரு சின்ன உளியும் சுத்தியலும் எடுத்தேன். ஹெட்டில் வரிசையாக எட்டுத் துளை உண்டு. எஞ்சினுக்குள் கீழே சுற்றுகிற கேம் தண்டு, மேலே இருக்கிற வால்வைத் திறப்பதற்கு எட்டுக் கம்பிகளைத் தள்ளிவிடும். புஷ் ராடு என்பார்கள். அந்தக் கம்பிகள் ஏறி இறங்குகிற துளைகள்தான் அவை. ஆறாவது துளைக்குள்ளே உளியைச் சாய்த்து வைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வெட்டு வெட்டினேன். விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு உளியை இருந்த இடத்தில் வைத்தேன்.

ஹெட் லேத்துக்குப் போய் ஐந்து நாள் கழித்து வந்தது. வந்தால் என்னைக் கூப்பிட வேண்டும், நான் வந்த பிறகுதான் மாட்ட வேண்டும் என்று அண்ணனிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை காலையில் போன் வந்தது. நான் இரண்டு பஸ் மாறிப் போய் இறங்குவதற்குள் மணி பத்தரை. ஹெட் எஞ்சின்மேல் ஏறி, போல்ட்டெல்லாம் முறுக்கியாகிவிட்டது.

"நான் வந்த பொறவு மாட்டணும்ணு சொல்லியிருந்தேன்லா அண்ணே?"

"மழை கறுத்துட்டு வந்து மக்கா," என்றார் கனகதாஸ் அண்ணன். "கூரை ஒழுகும். மட்டம் பிடிச்ச முகத்தில ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா துரு கேறும். அதாக்கும் சுந்தரன் உடனே மாட்டிடலாம்ணு சொன்னான்."

சுந்தரன் சொன்னான். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் காரணத்தோடு வருகிற ஆள்மேல் எனக்கு இன்னும் அதிகமாகச் சந்தேகம் வரும். ஹெட்டை மாட்டிய பிறகு என் அடையாளத்தை எப்படிப் பார்ப்பது? துளைக்குள் எட்டிப் பார்த்தேன். இருட்டுத்தான் தெரிந்தது. வாயைத் திறந்து கேட்டால் அடையாளம் போட்டதைச் சொல்ல வேண்டி வரும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

சுந்தரதாஸ் என்னைக் கண்டுகொள்ளவில்லை. எட்டுப் புஷ் ராடையும் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஒவ்வொன்றாக உருட்டினார். வளைந்திருந்தால் உருளும்போது ஆடுமாம். ஒன்றும் ஆடவில்லை. பிறகு ஒவ்வொன்றிலும் நீல மையை மெல்லிசாகப் பூசித் துளைக்குள் இறக்கினார். மேலே வால்வை அழுத்துகிற ராக்கரை மாட்டி, எஞ்சினைக் கையாலேயே நான்கு சுற்றுச் சுற்றினார். மறுபடி ராக்கரைக் கழற்றி ராடுகளை உருவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயாவது உரசினால் அந்த இடத்தில் மை போயிருக்கும். இவ்வளவு நிதானமாக வேலை செய்கிறவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஆசானே," என்று அவர் கூப்பிட்டார். "ஆறாமத்தது ஒரசுது."

அண்ணன் வந்து பார்த்தார். மற்ற ஏழிலும் மை அப்படியே இருந்தது. ஆறாவது ராடில் மட்டும் நடுவில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு விழுந்து இரும்பு பளபளத்தது.

"ராடை மாத்திப் போட்டுப் பாரு."

நான்காவது ராடை எடுத்து மை பூசி ஆறாவது துளையில் போட்டார். அதிலும் அதே கோடு விழுந்தது. "ராடுக்கு ஒண்ணும் இல்ல ஆசானே. துளைக்கு உள்ளதான் என்னமோ உண்டு. ஹெட்டைத் தூக்கிப் பாக்கணும்."

"இப்பிடியே விட்டா என்ன?" என்று கேட்டேன்.

"ஓடும் சேச்சி. ரெண்டு மாசம் ஓடும். பொறவு ராடு தேஞ்சு வளையும். ஏத்தத்தில வச்சு வால்வு திறக்காம நிக்கும். வண்டி நிறையப் பிள்ளையளு உண்டும்லா?"

அவர் சொன்னது அவ்வளவுதான். என் காதில் விழுந்தது வேறு. பதினொரு வருஷம் உரசாத துளை இன்றைக்கு ஏன் உரசுகிறது? ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். இது என் துளை இல்லை. நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"இது எனக்க ஹெட் இல்ல அண்ணே! எனக்க ஹெட்டை மாத்தியாச்சு! பதினொரு வருசம் ஒரசாத்த ராடு இப்ப எப்பிடி ஒரசும்? நான் வருமுன்னே அவசரப்பட்டு மாட்டினது எதுக்குண்ணு இப்பம்லா தெரியுது. பம்பைத் திருடினவனுக்கு ஹெட் பெரிய காரியமா?"

என் குரலைப் பற்றி எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வண்டிக்காகக் காத்திருந்த இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கனகதாஸ் அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. அவர் சபைக் கமிட்டியில் இருக்கிறவர், ஜெபம் பண்ணாமல் ஒரு எஞ்சினையும் ஸ்டார்ட் பண்ணமாட்டார். அவருடைய கடையில் திருட்டு என்று ரோட்டில் நிற்கிறவன் கேட்பதை அவரால் தாங்க முடியாது.

"சுந்தரா, நான் அண்ணைக்கு என்ன சொன்னேன்?"

"ஆசானே, ஹெட்டைத் தூக்கிப் பாத்துட்டுப் பேசலாமே."

"என்ன சொன்னேன்ணு கேட்டேன்."

"ஒரு புகார் வந்தா போணும்ணு சொன்னிய."

"புகார் வந்தாச்சு."

சுந்தரதாஸ் கையிலிருந்த ராடைத் துணியால் துடைத்து, மற்ற ஏழோடு வரிசை மாறாமல் வைத்தார். கையைத் துடைத்தார். பையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

அண்ணனும் நானும் சேர்ந்து போல்ட்டைக் கழற்றி ஹெட்டைத் தூக்கினோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையில் கவிழ்த்தோம். அண்ணன் டார்ச்சை அடித்து ஆறாவது துளைக்குள் பார்த்தார்.

"ஹெட் உனக்கதுதான் மக்கா, லேத்துக்கு அனுப்பும்போ நான் கைப்பட எழுதின நம்பர் இன்னும் கிடக்கு. ஆனா இஞ்ச பாரு. கரி சுரண்டும்போ உளியைப் பாய்ச்சியிருக்கான் பாவி. ரெண்டு இடத்தில வெட்டு. ஓரம் எழும்பி நிக்குது, அதுலதான் ஒரசுது."

நான் குனிந்து பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வெட்டு. என் வெட்டு. இரும்பை வெட்டினால் குழியும் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். குழிந்த இடத்துக்குப் பக்கத்தில் அது எழும்பும் என்று எனக்குத் தெரியாது. அரிசி நொய் அளவுக்குத்தான் எழும்பியிருந்தது. ஆனால் ராடுக்கும் துளைக்கும் நடுவில் இருக்கிற இடமே அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. வெட்கம்தான், வேறு ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால் பனச்சமூடு முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று பயந்தேன். அதற்குள் அண்ணன் போனை எடுத்துவிட்டார். பாறசாலையிலிருந்து மார்த்தாண்டம் வரைக்கும் இருக்கிற மெக்கானிக்குகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"கனகதாஸ் ஆக்கும். சுந்தரதாஸை இண்ணைக்குக் கடையிலேருந்து அனுப்பியாச்சு. ஒரு பார்ட்டிக்க ஹெட்டில உளியைப் போட்டு நாசம் பண்ணி வச்சிருக்கான். இனி ஆரு எடுத்தாலும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை யோசிச்சு எடுங்க."

விரலை எடுத்தால் போய்விடும், அதுவரைக்கும் போகாது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விரலை எடுத்தார்.

செய்தி போன பிறகுதான் வாயைத் திறந்தேன். "அண்ணே, அந்த வெட்டு நான் போட்டதாக்கும்."

அவருக்கு முதலில் புரியவில்லை. முழுக்கச் சொன்னேன். மத்தியானம், உளி, அடையாளம், எல்லாம். கனகதாஸ் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டீ, எனக்க கடையிலயா நீ அடையாளம் போட்ட? எனக்க மேலயுமா உனக்குச் சந்தேகம்?"

அவர் போனை எடுத்து அந்தச் செய்தியை அழித்தார். அதற்குள் பதினாறு பேர் கேட்டிருந்தார்கள். தப்பு நடந்துவிட்டது, சுந்தரதாஸ்மேல் குற்றம் இல்லை என்று இன்னொன்று பேசிப் போட்டார். ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இன்னொருவர் எழுதினார்: கனகதாஸ் அண்ணன் ஜெபம் பண்ணி மன்னிச்சிட்டாரு போல. அண்ணன் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

நான் குடையில்லாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். சுந்தரதாஸ் அங்கேதான் நின்றார். அதுவரைக்கும் நான் அவரை உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அண்ணே" என்றேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "துளைக்க உள்ள போட்டது எதுக்கு சேச்சி? ஹெட்டுக்க மேல எவ்வளவு இடம் கிடக்கு. மேல போட்டிருந்தா ஒண்ணும் வந்திருக்காது."

"மேல போட்டா நீங்க தேச்சிருவியண்ணு நெனச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்ததுபோல இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"வாங்க அண்ணே. ஆசானுக்கு உண்மை தெரிஞ்சாச்சு. இனி உங்களைப் போகச் சொல்லமாட்டாரு."

"இண்ணைக்கு இல்ல. நாளைக்கு வாறேன். உங்க வண்டியைத் தீத்துக் குடுத்துட்டுப் போறேன். பாதியில விட்டா அதையும் எனக்க தலையிலதான் வைப்பாவ."

"பொறவும் இருக்கலாமே."

"ஹெட்டைத் தூக்கிப் பாக்குமுன்னே ஆசான் என்னைத் தூக்கிட்டாரு. நீங்க கோபத்தில சொன்னிய, அது போட்டும். அவரு என்னை மூணு மாசமா கூடவே நிண்ணு பாத்த ஆளில்லியா? அடுத்தது வேற ஒரு வண்டிக்காரி வருவா. அப்பவும் இதுதான்." பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் சொன்னபடி வந்தார். உருண்டை அரத்தால் அந்த இரண்டு மேட்டையும் தடவித் தடவித் தேய்த்தார். இரும்புத்தூள் ஒரு பொடிகூட உள்ளே விழாமல் கிரீஸ் தடவிய துணியால் எடுத்தார். புது கேஸ்கட் போட்டு ஹெட்டை ஏற்றினார். மறுபடியும் எட்டு ராடுக்கும் நீல மை பூசி, எஞ்சினைச் சுற்றி, உருவி, என் கையிலேயே கொடுத்தார்.

"நீங்களே பாருங்க சேச்சி."

எட்டிலும் மை கலையவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு விரலால் ஒவ்வொன்றாக உருட்டியும் பார்க்கச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றார். எட்டையும் உருட்டினேன். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்ததில் நெற்றியெல்லாம் நீல மை ஆனது. கனகதாஸ் அண்ணன் வழக்கம்போல ஜெபம் பண்ணினார். அன்றைக்கு ரொம்ப நீளமாக, எல்லாருடைய பாவத்தையும் பொதுவாகச் சொல்லி ஜெபித்தார். ஸ்டார்ட் பண்ணினதும் எஞ்சின் ஒரே அடியில் பிடித்துச் சீராக ஓடியது. மூன்றாவது தடவையாக அண்ணன் அவரை இருக்கச் சொன்னார். அவர் கையைக் கழுவிவிட்டு, போயிட்டு வாறேன் ஆசானே என்று மட்டும் சொன்னார். கொல்லத்துக்கு அந்தப்பக்கம் எங்கேயோ, தன்னை யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக அவருடைய மனைவி லிஜா பிறகு ஒருநாள் சொன்னாள். மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருகிறாராம். அதை அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஜீப் ஓட ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். ஆரியங்கோட்டில் விஜயம்மா முன்சீட்டில் ஏறினாள். பால் சொசைட்டியில் வேலை செய்கிறவள், அவளுக்குத் தெரிந்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். ஏறினதும் கேட்டாள். "உனக்க ஹெட்டை மாத்தின அந்தக் கள்ளனை விரட்டியாச்சாமே?"

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் இருக்கிறவர்களும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். அவர் கள்ளன் இல்லை. ஹெட்டை யாரும் மாற்றவில்லை. துளைக்குள் உளி போட்டது நான். பழி சொன்னதும் நான். அவர் அதைக் கண்டுபிடித்தார், சரி பண்ணினார், தானாகத்தான் போனார். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

விஜயம்மா என் தோளைத் தட்டினாள். "உனக்கு நல்ல மனசு மக்கா. போனவனை எதுக்குக் குத்தம் சொல்லணும்ணு எல்லாம் உனக்க தலையில இழுத்துப் போடுத. நல்ல காரியம்தான்."

"நான் சொல்லுகது சத்தியமாக்கும் அக்கா."

"எனக்குத் தெரியும், தெரியும்."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினாள். பின்னால் இருந்தவர்களும் ஆட்டினார்கள். பனச்சமூடு வந்தது. இறங்கின பிறகு அவள் ஜன்னல் வழியாகக் குனிந்து, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"இருந்தாலும் அந்த ஹெட்டை ஒருக்கா வேற நல்ல ஆளுக்கிட்ட காட்டிக்கோ மக்கா."